சாரன் ஏணை

மூத்தவனுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது இரண்டு மாதம் முடிகிற நேரம். பெண்சாதி பிள்ளை பெற்ற நாற்பது கழிந்து கிணற்றடிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். ஒரு பின்னேரம் தோட்டத்தால் வந்து முகட்டில் தொங்கின துணி ஏணைக்குள் எட்டிப் பார்த்தேன். பிள்ளையின் நெஞ்சுக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. மூக்கு விரிந்து விரிந்து சுருங்கியது. கடைவாயால் எச்சில் வடிந்து கழுத்தெல்லாம் ஈரம். தொண்டைக்குள் சீழ்க்கை அடிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

"என்ன குடுத்த நீ?" என்று பெண்சாதியைக் கேட்டேன். அதுதான் என் வாயில் முதலில் வந்தது.

"பால்தான்" என்றாள்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் நான் அவளிடம் அதையேதான் கேட்டேன்.

எங்கள் ஊர் குறிஞ்சிப்பிட்டிப் பக்கம். நான் முதலில் கடலுக்குப் போனவன். பிறகு வெங்காயத் தோட்டங்களுக்கு மருந்தடிக்கப் போனேன். பூச்சி மருந்தைத் தண்ணீரில் கலந்து தாங்கியில் ஊற்றி முதுகில் மாட்டிக்கொண்டு வரம்பு வரம்பாக அடிப்பது. தாங்கியின் அடியில் எப்பவும் ஒரு ஒழுக்கு இருக்கும். அது இடுப்பில் இறங்கிச் சாரனில் ஊறும். வெயிலில் காய்ந்துபோகும். யாரும் அதைக் கணக்கில் எடுக்கிறதில்லை. எனக்கு இரண்டு சாரன். வேலைக்கு ஒன்று வீட்டுக்கு ஒன்று என்று பிரித்து வைத்தவன் இல்லை. கையில் வந்ததைக் கட்டுவேன்.

தோட்டத்துக்கு மாறின பிறகும் கடல் தொழில் சங்கத்தில் என் பெயர் இருந்தது. பெயர் இருந்தால் கூரைத் தகடு கிடைக்கும், வலை கிடைக்கும் என்று சொன்னார்கள். அதனால் எந்த அரசாங்கக் கந்தோரில் கேட்டாலும் கடல் தொழில் என்றுதான் சொல்வேன். பெண்சாதிக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்திருந்தேன். பிள்ளையின் கிளினிக் அட்டையிலும் தகப்பன் கடல் தொழில் என்றுதான் எழுதியிருந்தது.

பெண்சாதி அகதி முகாமில் பிறந்தவள். அவளுடைய உம்மாவும் வாப்பாவும் தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களை விரட்டினபோது மன்னாரிலிருந்து வந்தவர்கள். சண்டை முடிந்த பிறகு அவர்கள் காணியைத் துப்புரவாக்க மன்னாருக்கே திரும்பிப் போய்விட்டார்கள். இவள் என்னைக் கலியாணம் முடித்ததால் இங்கே நின்றுவிட்டாள். பக்கத்தில் அவளுக்கென்று ஒருவரும் இல்லை.

எனக்கு ராத்தா இருந்தாள். உம்மா மவுத்தான பிறகு என்னை வளர்த்த மூத்த சகோதரி. நாலு வீடு தள்ளி அவளுக்குக் கருவாடு காயவைக்கிற வாடி. அவள் பேச்சை நான் தட்டினது இல்லை.

ஏணை கட்டினதும் ராத்தாதான். எங்கள் குடும்பத்தில் முதல் பிள்ளையைத் தகப்பனின் சாரனில்தான் போடுவது. புதுச் சாரன் ஆகாது. தகப்பன் உடுத்தி வேர்வை பிடித்ததாக இருக்க வேண்டும். அந்த வாசத்தில் பிள்ளைக்குப் பயம் தெளியும், வாப்பாவை மறக்காது என்பார்கள். வாசம் குறைந்தால் அதை அவிழ்த்துவிட்டு, உடம்பில் கிடக்கிறதைக் கழற்றிக் கட்ட வேண்டும். பெண்சாதி ஒருநாள் அதைச் சவர்க்காரம் போட்டுத் தோய்க்க எடுத்தாள். ராத்தா பிடுங்கி, "முகாமில தறப்பாள் கூடாரத்துக்குள்ள கிடந்து வளந்த உங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியும்" என்றாள். நானும் தோய்க்க வேண்டாம் என்றேன். எனக்கு அது பெருமையாக இருந்தது. என் பிள்ளை என் வேர்வையில் தூங்குகிறான் என்று.

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஓடினோம். ஓட்டோவில் அவள் பிள்ளையைத் தோளில் நிமிர்த்திப் பிடித்திருப்பாள். படுக்கப் போட்டால் மூச்சு நிற்கிற மாதிரி வரும். அங்கே முகத்துக்கு மூடி வைத்து ஆவி பிடிப்பார்கள். சளியை ஒரு குழாயால் இழுப்பார்கள். பிள்ளைக்குப் பால் உறிஞ்ச மூச்சுக் காணாது. இரண்டு இழுவை இழுத்துவிட்டு விடுவான். பசியில் அழுவான். அழவும் மூச்சுக் காணாது. சத்தம் வராமல் வாய் மட்டும் திறந்திருக்கும். அதைப் பார்க்க ஏலாமல் நான் வெளியே வந்துவிடுவேன். அவள் இருப்பாள்.

முதுகில் எப்படித் தட்டுவது என்று அங்கே அவளுக்குக் காட்டிக் கொடுத்தார்கள். உள்ளங்கையைக் கிண்ணம் மாதிரிக் குவித்து, கீழேயிருந்து மேலே. வீட்டில் பிள்ளையைத் தொடையில் குப்புறப் போட்டுத் தட்டுவாள். இரவில் சுவரில் சாய்ந்து இருந்தபடி பிள்ளையை நெஞ்சில் நிமிர்த்தி வைத்துக்கொள்வாள். அவனுடைய முதுகில் கை வைத்தாலே இழுப்புத் தொடங்கப் போகுதா இல்லையா என்று அவளுக்குத் தெரியும். பூனை உறுமுகிற மாதிரிக் கைக்குத் தட்டுப்படும் என்றாள். என் கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

வார்ட்டில் மூன்று நாள் கிடந்தால் பிள்ளை தெளிந்துவிடும். கொண்டுவந்து ஏணையில் போட்டால் இரண்டு நாளில் பழையபடி. இதை எல்லோரும் கண்டார்கள். அங்கேயும் இவளுடைய பால்தானே குடித்தான் என்று நான் யோசிக்கவில்லை. ராத்தா யோசித்தாள்.

"அங்க ஆஸ்பத்திரிச் சாப்பாடு சாப்பிடுறாள். பால் சுத்தமா வருது. இங்க வந்ததும் களவுல எதையோ தின்னுறாள். கிரந்தி சாமான் தின்னிற வாய் அது" என்றாள்.

கிரந்தி சாமான் என்றால் எங்கள் பக்கத்தில் நண்டு, இறால், கருவாடு, தக்காளி, அன்னாசி. பால் கொடுக்கிறவள் தின்றால் பிள்ளைக்குச் சளி கட்டும் என்பது. எல்லாவற்றையும் நிறுத்தினேன். சோறும் மிளகுத் தண்ணீரும் மட்டும். பிறகு முட்டையையும் நிறுத்தினேன். அவள் மெலிந்தாள். கன்னம் ஒட்டியது. ஒட்டின கன்னத்தைக் காட்டி, இப்படிப்பட்ட உடம்பில் என்ன பால் ஊறும் என்று ராத்தா கேட்டாள்.

தோட்டத்தால் வந்ததும் அவளை வாயைத் திறக்கச் சொல்லி மணந்து பார்ப்பேன். ஒவ்வொரு நாளும். அவள் திறப்பாள். ஒருநாளும் மறுத்ததில்லை. ஒருதரம் பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்குள்ளால் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், பெண்சாதிக்குப் பல்லு எண்ணுறீங்களா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிள்ளைக்கு ஏழு மாதமாக இருந்தபோது ஒருநாள் அவளுடைய கையில் கருவாட்டு மணம் அடித்தது. வாயில் இல்லை. விரலில். பிள்ளைக்கு அன்றைக்கு மோசமாக இழுத்துக்கொண்டிருந்தது. நான் கேட்கவில்லை. அறைந்தேன். பிள்ளை அவளுடைய தோளில்தான் கிடந்தான். அவள் பிள்ளையின் தலையைக் கையால் மூடிக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள், மதினி கூப்பிட்டு வாடியில் கருவாடு புரட்டப் போட்டாங்க, காலையிலிருந்து அங்கேதான் நின்றேன் என்று. ராத்தாவிடம் கேட்டேன். ஓம், நான்தான் கூப்பிட்டேன், சும்மா வீட்டில் குந்தியிருக்கிறவள்தானே என்றாள். அதோடு அந்தக் கதை முடிந்தது. அடித்தது அடித்ததுதான்.

அன்றைக்கே பிள்ளையைத் திரும்பவும் வார்ட்டில் போட்டோம். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

மறுநாள் பார்வை நேரத்தில் போனேன். பெண்சாதி பிள்ளையோடு ஆவி பிடிக்கிற அறைக்குள் இருந்தாள். ஒரு நர்ஸ் மிஸ் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். சிலாபம் பக்கத்து ஆள் போல, சிங்கள இழுவையில் தமிழ் கதைத்தாள். என் வேலை என்ன என்று கேட்டாள். கடல் தொழில் என்றேன்.

"உங்க மிஸிசும் அதுதான் சொன்னாங்க" என்றாள். "தோட்டத்துக்கு மருந்து அடிக்கிற ஆள் வீட்டில இல்லையா? பிள்ளைட கண்மணி கடுகு மாதிரிச் சுருங்கி இருக்கு. எச்சில் நிக்கிறதில்ல. அந்த மருந்து உடுப்பில ஒட்டி வந்தா சின்னப் பிள்ளைக்கு இப்பிடி இழுக்கும். டொக்டர் நல்லா விசாரிக்கச் சொன்னாங்க."

நான் அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பேனையும் அட்டையும் வைத்திருந்தாள். அறைக் கதவு பாதி திறந்து கிடந்தது. பெண்சாதியின் முகத்தில் என் விரல் நாலும் இன்னும் தெரிந்தது. மிஸ்ஸும் அதைக் கண்டிருப்பாள்.

"இல்ல மிஸ்" என்றேன். "கடல்தான்."

அவள் எழுதினாள்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். சங்கத்துப் பெயர் போய்விடும் என்று அல்ல. ஐந்து மாதம் ஊருக்கு முன்னால் அவளைக் குற்றவாளியாக்கியிருக்கிறேன். முந்தின நாள் அறைந்திருக்கிறேன். மருந்தடிக்கிறவன் நான்தான் என்று அந்த வராந்தாவில் சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான். உள்ளே பிள்ளை மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடந்தான்.

வீட்டுக்கு வந்து ஏணையை அவிழ்த்தேன். மூக்கில் வைத்து மணந்தேன். எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. என் மூக்குக்கு அந்த மருந்து பழகிப்போய்க் கன காலம். ஈரக் கையால் கசக்கிப் பார்த்தேன். கை கொஞ்ச நேரத்தில் விறுவிறுத்தது. வேலிப் பக்கம் குழி தோண்டிப் புதைத்தேன். கடையில் புதுச் சீத்தைத் துணி வாங்கித் தோய்த்துக் காயவைத்துக் கட்டினேன். ராத்தா கேட்டதற்குச் சாரன் கிழிந்துபோச்சு என்றேன். ஏணைக்குப் புதுத் துணியா என்று முணுமுணுத்தாள்.

மருந்தடிப்பை விடவில்லை. அப்போது வேறு தொழில் கையில் இல்லை. வேலை உடுப்பைத் தோட்டத்து மோட்டர் கொட்டிலிலேயே விட்டேன். அங்கேயே இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் குளித்து, வேறு சாரன் கட்டிக்கொண்டுதான் வீட்டுப் படி மிதித்தேன். பெண்சாதி அதைக் கவனித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கத்தை நான்தான் அவளிடம் இல்லாமல் ஆக்கியிருந்தேன்.

பிள்ளை வீட்டுக்கு வந்த அன்றைக்கு ராத்தா வந்தாள். பாலை நிறுத்துவது என்று முடிவு செய்துகொண்டு வந்திருந்தாள். கையில் ஒரு பால் மா டின்னும் சூப்பிப் போத்தலும். இனி அவளுடைய பால் பிள்ளையின் வாயில் படக் கூடாது என்றாள்.

பெண்சாதி என்னைப் பார்த்தாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். மிஸ் கேட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. "ராத்தா சொல்றதைக் கேள்" என்றேன்.

பால் வற்றுவதற்கு மல்லிகைப் பூவை அரைத்து மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். பால் கட்டி அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மார்பு கல்லாகியது. பிள்ளை அவளுடைய வாசம் பிடித்து அழுகிறான் என்று அவளை மற்ற அறையில் படுக்கச் சொன்னார்கள். இந்த அறையில் ராத்தாவின் மடியில் பிள்ளை சூப்பியைத் துப்பித் துப்பி அழுவான். அந்த அறையில் அவள் அழுகிற சத்தம் கேட்காது. விடிய எழும்பிப் போய் முருங்கை மரத்தடியில் குந்தியிருந்து பாலைப் பீச்சி விடுவாள். மணலில் வெள்ளையாகக் கொஞ்ச நேரம் கிடக்கும். எறும்பு வரும். நான் தோட்டத்துக்குப் போகிற வழி அது. கடந்து போவேன்.

பத்து நாளில் அவளுக்குப் பால் வற்றியது. மூன்று கிழமையில் பிள்ளைக்கு இழுப்பு நின்றது.

ஊர் முழுக்க ஒரே கதை. பாலை நிறுத்தினார்கள், பிள்ளை தப்பியது. ராத்தா பாத்திஹா ஓதி நெய்ச்சோறு ஆக்கினாள். வாடியில் வேலை செய்கிற பெண்கள், அயலட்டைப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். நான் வெளியே பாயில் இருந்தேன். உள்ளே நடப்பது கேட்டது. ராத்தா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் சொன்னாள்.

"ஆட்டுப் பால் சேரும், மாட்டுப் பால் சேரும், கழுதைப் பாலும் சேரும். அகதிப் பால் மட்டும் எங்கட புள்ளைக்குச் சேரல்ல."

சிரித்தார்கள். பெண்சாதி அவர்களுக்கு வட்டிலப்பம் வெட்டி வைத்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி அவளைக் கூப்பிட்டு, மனதில் வைக்காதே புள்ள, பிள்ளை சுகமாயிட்டான்தானே என்றாள். ஓம், அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னாள். அதுவும் எனக்குக் கேட்டது.

சுகமென்றால் முழுச் சுகம் இல்லை. நெஞ்சு நொந்துபோன பிள்ளை. மாரி மழை தொடங்கினால், தூசி பட்டால், பக்கத்தில் யாராவது சருகு கொளுத்தினால் மூச்சு முட்டு வரும். முந்தி மாதிரி உதடு நீலமாகாது. ஆனால் வரும். ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு அடிக்கிற பம்ப் கொடுத்தார்கள். தண்ணீர்ப் போத்தலின் அடியை வெட்டி அதில் பம்பைச் செருகி முகத்தில் வைத்து எப்படி அடிப்பது என்று அவள் பழகினாள். எத்தனை மூச்சு, எவ்வளவு நேரம் விட்டு மறுபடி, எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

ஒன்று மட்டும் மாறியது. பிள்ளையை நெஞ்சோடு அணைக்க மாட்டாள். தூக்கினாலும் அவனுடைய முதுகு அவள் பக்கம், முகம் வெளிப் பக்கம். தூங்க வைத்தாலும் அப்படித்தான். தன்னுடைய உடம்பில் ஏதோ இருக்குது என்று நம்பிவிட்டாள். நான் மூன்று வருடம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை.

இரண்டாவது பெண் பிள்ளை. பிறந்து அரை நாளாகியும் அவள் பால் கொடுக்க மறுத்தாள். வார்ட்டில் மிஸ்மார் ஏசிப் பார்த்தார்கள். கெஞ்சிப் பார்த்தார்கள். பிள்ளை வீறிட்டுக் கத்துகிறது, இவள் கையைக் கட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடக்கிறாள். மா வாங்கிக் குடுங்க என்று மட்டும் சொல்கிறாளாம். பார்வை நேரத்துக்கு முந்தியே என்னை உள்ளே விட்டார்கள். பெண்சாதிக்குப் புத்தி சொல்லுங்க என்றார்கள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். பிள்ளை கத்திக் கத்திக் களைத்துப்போய் விக்கிக்கொண்டிருந்தது. அந்த விக்கலைக் கேட்டதும் எனக்கு மூத்தவனின் இழுப்புத்தான் காதில் வந்தது.

"உன்ட பாலில ஒண்டும் இல்ல" என்றேன். "என்ட சாரன்தான். மருந்து ஊறின சாரன். அந்த ஏணை."

அவள் திரும்பவில்லை.

"எப்ப தெரியும்?" என்றாள்.

"மிஸ் வேலையைக் கேட்ட நாள். அடிச்சதுக்கு மறுநாள்."

"என்ட பாலை நிறுத்தினது அதுக்கு முந்தியா, பிந்தியா?"

அவளுக்குத் தெரியாத கேள்வி அல்ல. நான் வாயால் சொல்ல வேண்டும்.

"பிந்தி" என்றேன்.

அவள் சுவரிலிருந்து திரும்பினாள். பிறகு எழும்பி இருந்தாள். பிள்ளையை எடுத்தாள். "நீங்க வெளியில போய் நில்லுங்க" என்றாள். போனேன். கதவுக்கு வெளியே நின்றேன். பிள்ளையின் சத்தம் நின்றது.

பிறகு உள்ளே போனபோது சொன்னாள், "மதினிட போய்ச் சொல்லுங்க. தனிய இல்ல. அண்டைக்குச் சோறு திண்ட எல்லாரும் இருக்கிறபோது."

போனேன். வாடியில் ராத்தாவும் ஆறேழு பெண்களும் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார்கள். நின்றபடி சொன்னேன். மருந்தையும் சாரனையும் மிஸ் கேட்டதையும் நான் பொய் சொன்னதையும் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக நான் பேசினது கிடையாது.

ராத்தா கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"பாருங்களேன் என்ட தம்பிய" என்றாள் அந்தப் பெண்களிடம். "பெண்சாதிட பழியைத் தன்ட தலையில தூக்கிப் போடுறான். எங்கட வாப்பாவும் இப்பிடித்தான். தங்கமான மனிசன்."

இல்லை, உண்மை என்றேன். திரும்பவும் சொன்னேன். சரி சரி, பிள்ளைப் பெற்றவளின் மனம் நோகக் கூடாதுதான் என்றாள் ஒருத்தி. இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்க அந்த அகதிப் புள்ள குடுத்து வச்சிருக்கணும் என்றாள் இன்னொருத்தி. எங்கட மனிசன்மாரும் இருக்கிறார்களே என்று மற்றவள் பெருமூச்சு விட்டாள். மருந்து அடிக்கிறவன் ஊரில் எத்தனை பேர், அவர்கள் பிள்ளைகள் எல்லாம் செத்தா போச்சு என்று ராத்தா கேட்டாள். ஒரு மீனைக் கையில் தந்து, கொண்டுபோய்ப் பத்தியத்துக்குக் காய்ச்சிக் கொடு என்றாள்.

நடந்ததைப் பெண்சாதியிடம் சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவள் பிள்ளையின் காதுக்குப் பின்னால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப உங்களுக்கு நல்ல பேர்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் இந்தக் கதையை எடுத்ததில்லை. அந்த வருடத்தோடு நான் தோட்டத்தை விட்டு உப்பளத்துக்குப் போய்விட்டேன். ஆட்களுக்கு முன்னால் என்னோடு மரியாதையாகத்தான் கதைப்பாள். சோறு வைப்பாள். மகளுக்கு இரண்டு வயது மட்டும் பால் கொடுத்தாள். மகளுக்கு ஒரு சளித் தடிமன்கூட நிலைத்து நின்றதில்லை. ஊரில் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். இங்கத்தச் சாப்பாடு இவ்வளவு காலம் தின்று இவளுடைய பால் தேறிவிட்டதாம்.

மூத்தவனுக்கு இப்போது பத்து வயது. மாமி மாமி என்று ராத்தாவின் பின்னால் திரிவான். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் போட்டி என்றால் பாதி வழியில் முழங்காலில் கை ஊன்றி நின்றுவிடுவான். போன மாரியில் ஒருநாள் கடுமையாக இழுத்தது. அவனைக் கதிரையில் முன்னுக்குச் சாய்த்து இருத்தி அவள் முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள். நான் பம்பை எடுத்து நீட்டினேன். என் கையிலிருந்து வாங்கி அவளே அடித்தாள். கொஞ்சம் தெளிந்ததும் அவன் கேட்டான், தங்கச்சிக்கு மட்டும் பால் குடுத்தீங்களாமே, எனக்கு ஏன் தரல்ல உம்மா என்று.

"வாப்பாட்ட கேள்" என்றாள்.

நான் அவனுக்கு முன்னால் குந்தியிருந்து சொன்னேன். சாரனையும் மருந்தையும் பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னேன். அவன் மூச்சு வாங்கிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தான். பிறகு தலையைத் திருப்பி உம்மாவைப் பார்த்தான்.

"மாமி அப்பிடிச் சொல்லல்லயே" என்றான். "உங்கட பால்தான் கூடாது எண்டு மாமி..."

"கதைக்காத" என்றாள் அவள், கையைக் குவித்துத் தட்டிக்கொண்டே. "மூச்சை எடு."